ஓடாத காருக்கும் வயசாகும்!

"தம்பி, பொங்கலுக்கு வர்றப்போ நீ கார் எடுத்துட்டு வராதே. பஸ்ல வந்துடு. இங்க நம்ம வண்டி சும்மாதானே நிக்குது. காணும் பொங்கலுக்கு எல்லாரும் அதுலயே மலைக்குப் போயிட்டு வந்துடலாம்."

கச்சிராயபாளையத்திலிருந்து சித்தப்பா இப்படி போன் செய்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால் வெள்ளிமலை. அருவி, குளிர்காற்று, வழியில் நிறுத்தி டீ. சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வேறு வந்திருக்கிறார்கள். சரி என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் பொறி தட்டியது. அந்த வண்டிக்குக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள்?

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மகன் சென்னையில் வேலை பார்த்தபோது, 2011-ல், ஆசைப்பட்டு வாங்கிய ஜெர்மன் கார். பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர், மேலே கண்ணாடிக் கூரை. எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போவது எல்லா கம்பெனி வண்டிக்கும் பொருந்தும். 2016-ல் அவன் சிங்கப்பூர் போனான். 'விற்க மனசு வரலைப்பா' என்று வண்டியைக் கொண்டுவந்து அப்பா வீட்டு போர்டிகோவில் விட்டான். அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் அதன் ஓட்டம். மீட்டரில் 34,000 கிலோமீட்டர். நம்மூர் டாக்ஸி ஒன்று ஆறே மாதத்தில் ஓடிவிடும் தூரம் அது.

சித்தப்பா அந்த வண்டியைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாரம் ஒரு முறை கழுவித் துடைப்பார். தினமும் காலையில் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பார். சித்தி அதைக் கிண்டல் செய்வாள்: "எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் குடுக்க ஆளில்ல, அதுக்குத் தினமும் சுப்ரபாதம்!"

நான் பஸ்ஸில்தான் போனேன். ஆனால் போகிக்கு முந்தின நாளே போய்விட்டேன். கள்ளக்குறிச்சியில் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

வந்தவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. "ஷோரூம் வண்டி மாதிரி இருக்குங்கய்யா" என்றார். சித்தப்பா முகத்தில் பெருமை. பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினார். பேனா போல ஒரு சின்னக் கருவியை உள்ளே விட்டார். பச்சை எரிந்தால் நல்லது, மஞ்சள் என்றால் சீக்கிரம் மாற்ற வேண்டும். அந்தக் கருவியில் எரிந்தது சிவப்பு.

ஆயிலின் நிறத்தையும் பார்த்தேன். புதிதில் தேன் கலந்த தண்ணீர் போல இருக்க வேண்டியது, கருப்பட்டிக் காபி போல இருந்தது.

"கடைசியா எப்போ மாத்துனது ஐயா?"

சித்தப்பா உள்ளே போய் ஃபைலைக் கொண்டுவந்தார். பில்லில் இருந்த வருஷம் 2017. "அதுக்கப்புறம் ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. அதுக்குள்ள என்ன மாத்தறது?" என்றார்.

இந்த வாரம் நான் எழுத வந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். நம் வீடுகளில் கார் சர்வீஸ் என்றால் கிலோமீட்டர் கணக்கு மட்டும்தான். பத்தாயிரம் ஆச்சா, விடு. ஆகலையா, இருக்கட்டும். ஆனால் கம்பெனி கொடுக்கும் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருக்கும். அந்த இரண்டாவது பாதியை நாம் படிப்பதே இல்லை. நிறைய ஓடும் வண்டிக்கு அது தேவைப்படவும் செய்யாது. கொஞ்சமாக ஓடும் வண்டிக்கு அதுதான் ஜாதகம்.

பிரேக் ஆயிலையே எடுத்துக்கொள்வோம். அது சாதாரண எண்ணெய் இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். வண்டி ஓடினாலும் நின்றாலும், ரப்பர் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான கார்களுக்குப் போடும் 'டாட் 4' வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஏறத்தாழ 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், தர விதிப்படி 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று ஆகிவிடுகிறது. நூற்றுக்கு நான்கு பங்கு தண்ணீர்கூட இல்லை, அதற்கே 75 டிகிரி போய்விட்டது!

ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நன்றாக நிற்கும். மலை இறங்கும்போதுதான் விஷயமே. ஆறு பேர், மூட்டை முடிச்சு, வளைவுக்கு வளைவு பிரேக். டிஸ்க் பழுக்கச் சூடாகும். அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும். ஆயிலில் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழாக மாறும். திரவத்தை அமுக்கினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த வளைவில் காலை வைத்தால் பெடல் தரையைத் தொடும். வண்டி நிற்காது. கொஞ்ச நேரம் ஆறினால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். பிறகு எடுத்துப் பார்க்கும் மெக்கானிக், "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார்.

இதைச் சித்தப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பேரப்பிள்ளைகள் இரண்டும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, யார் ஜன்னல் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசவில்லை.

பிறகு நான்தான் கேட்டேன். "சித்தப்பா, மில்லுல அரவை முடிஞ்சதும் என்ன செய்வீங்க? பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

சித்தப்பா இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சர்க்கரை ஆலையில் கரும்பு அரைப்பது வருஷத்தில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் மிஷின் நிற்கும், ஆட்கள் நிற்க மாட்டார்கள். ரோலரைக் கழற்றிச் சீர் செய்வது, பாய்லர் டியூப்களைச் சுத்தம் செய்வது, பேரிங் பார்ப்பது, வால்வு மாற்றுவது என்று ஓவர்ஹாலிங் நடக்கும். அது ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அடுத்த அரவையில் கரும்பு லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "வீட்டு வண்டின்னு நெனச்சேன்டா. மிஷின்னு நெனைக்கல."

அதற்குப் பிறகு அவரே டார்ச் எடுத்துவந்து மெக்கானிக்கோடு குனிந்துவிட்டார். எனக்கு வேலை மிச்சம்.

அடுத்து அந்தப் பத்து நிமிஷ ஸ்டார்ட்டிங். நம் ஊரில் நல்லெண்ணத்தோடு செய்யும் தப்பு இது. பெட்ரோல் எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடோடு தண்ணீரும் ஆவியாக வரும். குளிர்ந்த இன்ஜினில் அது சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் போய்த் தங்கும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டிலேயே இருபது, முப்பது நிமிஷம் ஓடினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போகும். பத்து நிமிஷத்தில் நிறுத்தினால் உள்ளேயே நின்றுவிடும். தினமும் செய்தால் தினமும் கொஞ்சம் ஈரம் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி கொடுத்த கரன்ட்டும் பத்து நிமிஷ ஐடிலிங்கில் முழுசாகத் திரும்பாது. சக்கரம் சுற்றவில்லை, கியர் ஆயில் சூடாகவில்லை, பிரேக் டிஸ்க்கில் பிடித்த துரு தேயவில்லை. பெட்ரோல் மட்டும் போனது. ஆயில் ஃபில்லர் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போல வெளுத்த படிமம் இருந்ததை மெக்கானிக் விரலால் தொட்டுக் காட்டினார். கேஸ்கெட் போய்விட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்தும் இப்படி ஆகும் என்பதால் அதையும் சோதித்தார். இங்கே காரணம் ஐடிலிங்தான்.

தினமும் வேண்டாம். வாரம் ஒரு நாள் நாற்பது நிமிஷம் ரோட்டில் ஓட்டுங்கள், போதும். கச்சிராயபாளையத்துக்காரருக்கு இதற்கு வழி கையிலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து சேலம் நெடுஞ்சாலையில் சின்னசேலம் வரை போய்த் திரும்பினால் கணக்கு சரியாக வந்துவிடும். அந்தச் சமயத்தில் ஏசியையும் போட வேண்டும். வெயில் இல்லையே என்று மாதக்கணக்கில் ஏசி போடாமல் இருந்தால், கம்ப்ரஸர் சீலுக்கு எண்ணெய் போகாமல் காய்ந்து, கேஸ் கசிந்துவிடும். இன்ஜின் ஆயிலை, இரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடியிருந்தாலும், வருஷம் ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் சொகுசுக் கார்களுக்கு என்றே சில குணம் உண்டு. சாவி கையில் இல்லாவிட்டாலும் அலாரம், ரிமோட், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று ஏதாவது ஒன்று விழித்துக்கொண்டே இருக்கும். சில வாரம் அசையாமல் நின்றால் பேட்டரி டவுன். சில மாடல்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். டிக்கியோ கரன்ட்டில் திறப்பது! இந்த விளையாட்டில் ஒரு முறை நான் மாட்டியிருக்கிறேன். ரிமோட் சாவிக்குள்ளேயே ஒரு குட்டி இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அது எங்கே இருக்கிறது, எந்த ஓட்டையில் போட வேண்டும் என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு பிளக்கில் மாட்டி மெதுவாக சார்ஜ் ஏற்றி, நிரம்பியதும் தானே அடங்கும் சார்ஜர்கள் கிடைக்கின்றன. நிற்கும் வண்டிக்கு அது நல்ல முதலீடு. பேட்டரி மாற்றும்போது, புது பேட்டரி என்று கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டிய வண்டியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செய்யாவிட்டால் புது பேட்டரிக்கும் பழைய கிழத்துக்குச் செய்வது போலவே சார்ஜ் ஏற்றிச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

வண்டியின் கண்ணாடிக் கூரையைத் திறந்தபோது இன்னொரு கதை கிடைத்தது. சித்தப்பா வீட்டு வாசலில் நல்ல வேப்ப மரம். கண்ணாடிக் கூரையைச் சுற்றி ஒரு சின்னக் கால்வாய் இருக்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, நான்கு மூலையில் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகக் கீழே வெளியேறும். பலர் நினைப்பது போல அந்தக் கூரை தண்ணீரே உள்ளே விடாத அடைப்பு இல்லை. வரும் தண்ணீருக்கு வழி காட்டும் அமைப்பு. அந்தக் குழாய் வேப்பம்பூவும் இலையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், தண்ணீர் காருக்குள் இறங்கும். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் இருந்த பஞ்சு நனைந்து புளித்த வாடை. பல சொகுசுக் கார்களில் சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்குக் கீழேயும்தான் எலக்ட்ரானிக் பெட்டிகளை வைத்திருப்பார்கள். சித்தப்பா அதிர்ஷ்டக்காரர், பெட்டி நனையவில்லை. ஒரு ஐப்பசி அடைமழை கூடுதலாக வந்திருந்தால் கதை வேறு.

தார்ப்பாய் போட்டு மூடினால் ஆகாதா என்று சித்தி கேட்டாள். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், பெயின்ட்டும் போகும். காற்றோட்டமுள்ள துணிக் கவர் போடலாம். மரத்தடியை மாற்றினால் இன்னும் நல்லது. மரத்தை வெட்ட வேண்டாம், வண்டியை நகர்த்தினால் போதும்!

எலியைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கரும்பு வெட்டினால் எலிக்கு வீடு போச்சு. பக்கத்தில் வெதுவெதுப்பாக, இருட்டாக, யாரும் திறக்காத பானெட் ஒன்று இருந்தால் அது சும்மா விடுமா? டிரைவர்கள் பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைப்பார்கள். கொஞ்ச நாள் பலிக்கும், வாடை போனதும் புகையிலை மேலேயே எலி படுத்திருக்கும். என் அனுபவத்தில் நல்ல மருந்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான். யாரோ அடிக்கடி வந்துபோகும் இடத்தில் எலி குடித்தனம் வைக்காது. சொகுசுக் காரில் ஒரு வயரிங் கட்டு மாற்றும் செலவை நான் இங்கே எழுதினால் படிப்பவர்களுக்கு பி.பி. ஏறும்.

பெட்ரோல் டேங்க்குக்கு வருவோம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவது. இரண்டுமே கள்ளக்குறிச்சி மாவட்டத்து வயலில் விளைவதுதான். "நம்ம சரக்குதானே, நம்ம வண்டிக்கு ஆகாதா?" என்று சித்தப்பா சிரித்தார். நல்ல கேள்வி. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் இதைத் தாங்கும் ரப்பரும் குழாயும் வைக்கிறார்கள். 2011 மாடல் அதற்கு முந்தின தலைமுறை. தினமும் ஓடும் பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும். நிற்கும் வண்டியில் பிரச்னை வேறு மாதிரி. எத்தனாலும் பிரேக் ஆயில் போலவே ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்றால், டேங்க்கின் காலியிடத்தில் இருக்கும் காற்றிலிருந்து ஈரம் சேரும். அளவு மீறிப் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் பம்ப்பு உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்.

அதனால் நிற்கும் வண்டியில் பெட்ரோலைச் சேமித்து வைக்காதீர்கள். கொஞ்சமாகப் போடுங்கள், ஒன்றிரண்டு மாதத்துக்குள் எரித்துவிடுங்கள், புதிதாகப் போடுங்கள். ரொம்ப நாள் ஊரில் இருக்க மாட்டோம் என்று தெரிந்தால் மட்டும், காலியிடம் இல்லாமல் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போகலாம். பெட்ரோல் குழாய்களில் வெடிப்போ, கசிவோ, வாடையோ இருக்கிறதா என்று வருஷம் ஒரு முறை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட் டப்பா, பெல்ட்டுக்கும் இதே பார்வை வேண்டும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டரைப் பார்த்து வயசாவதில்லை. இன்ஜினில் டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் அதற்கும் வருஷக் கணக்கு உண்டு, அதைத் தாண்டவே கூடாது. அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்து இன்ஜினே போய்விடும். செயின் உள்ள வண்டிக்குப் பொதுவாக இப்படி வருஷக் கணக்கு இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்றால், 2015-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் கவனமாகப் பாருங்கள். பத்து வருஷம் ஆனால், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் கழற்றுங்கள். பல டயர் கம்பெனிகளே சொல்வது இதுதான். சித்தப்பா வண்டியின் நான்கு டயரும் 2015, அதாவது மகன் சிங்கப்பூர் போவதற்கு முந்தின வருஷம் போட்டவை. பக்கவாட்டில் நகக்கண் அளவு வெடிப்புகள் இருந்தன.

இன்னொன்று இருக்கிறது. இதைச் செய்ய ஒரு ரூபாய்கூட செலவில்லை, ஆனால் மறக்காமல் செய்ய வேண்டியது. டகாட்டா என்று ஒரு ஜப்பான் கம்பெனி, உலகத்தின் பல கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் செய்து கொடுத்தது. பலூனை ஊத வைக்க அவர்கள் பயன்படுத்திய ரசாயனம் அம்மோனியம் நைட்ரேட். அது வருஷக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் பட்டுக் கெட்டுப்போய், விபத்தில் ஏர்பேக் விரியும்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோக உறையையே துண்டு துண்டாக ஆளின் மேல் வீசியது. பல நாடுகளில் உயிர்கள் போயின. கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-ல் அந்தக் கம்பெனி திவாலானது. கவனியுங்கள், கெடுத்தது ஓட்டம் இல்லை. வருஷமும் வெக்கையும் ஈரமும். இவை மூன்றும் நம் ஊரில் தாராளம். 2000-களிலிருந்து 2010-களின் நடுப்பகுதி வரை வந்த வண்டி என்றால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் வெப்சைட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துக் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். வண்டி கைமாறி, விலாசம் மாறி இருந்தால் கம்பெனி போட்ட கடிதம் உங்களுக்கு வந்தே இருக்காது.

இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "சார், 2012 மாடல் சொகுசுக் கார், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஆறு லட்சம் சொல்றாங்க, வாங்கலாமா?" செங்கல்பட்டு பக்கத்து மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-லேயே பி.எம்.டபிள்யூ. தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், புனேயில் பென்ஸ் 1995-லிருந்து. அப்படி வந்த வண்டிகள் எல்லாம் இப்போது ஒரு ஹேட்ச்பேக் விலைக்கு இறங்கி சந்தையில் நிற்கின்றன. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. நாற்பது லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட்டுக்கு இன்றும் நாற்பது லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட் விலைதான். நானாக இருந்தால், வருஷா வருஷம் பில் வைத்திருக்கும் 90,000 கிலோமீட்டர் வண்டியை வாங்குவேன். பில்லே இல்லாத 38,000 கிலோமீட்டர் வண்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். வாங்கித்தான் ஆவேன் என்றால், கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். முதல் வருஷத்திலேயே அது செலவாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 15 வருஷம் ஆனால் வண்டியைப் பிடுங்கி உடைத்துவிடுவார்கள் என்று. அது டெல்லிப் பக்கத்துக் கதை. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார் 15 வருஷம் முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருஷமாக ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். சித்தப்பா வண்டிக்கு இந்த வருஷம் அந்தத் தவணை. ஆய்வுக்கு எடுத்துப் போகும் முன் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டிய கட்டாயமும் வந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. வண்டியை நிறுத்துவது முதலில்: பிரேக் ஆயில், டயர். வழியில் நிற்கவிடுவது அடுத்து: பேட்டரி, ஹோஸ், பெல்ட், கூலன்ட். பிறகு இன்ஜின் ஆயில், கியர் ஆயில். உள்ளே ஒரு பொத்தானின் விளக்கு எரியவில்லை, சீட் சூடாக்கும் வசதி வேலை செய்யவில்லை. கச்சிராயபாளையத்தில் சீட்டைச் சூடாக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது, அதை அப்படியே விட்டுவிட்டோம். மொத்தம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம். "இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்" என்று சித்தி சொன்னதில் தப்பே இல்லை. பாதிப் பணத்தை சிங்கப்பூர்க்காரன் போட்டான்.

காணும் பொங்கலுக்கு மலைக்குப் போனோம். அந்த வண்டியில் இல்லை, வாடகை வேனில். மலைப்பாதை தெரிந்த டிரைவர். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கினார். சித்தப்பா முன் சீட்டில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஆட்டோமேட்டிக்ல இது எப்படித் தம்பி?" என்று என்னைக் கேட்டார். கியர் லிவரைக் கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டிலோ மூன்றிலோ நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னேன். பதினான்கு வருஷமாக அந்த வசதி வண்டியில் இருக்கிறது, வீட்டில் யாரும் தொட்டதில்லை.

இப்போது அவர் ஒரு நோட்டு போட்டிருக்கிறார். மில்லில் மெயின்டனன்ஸ் எழுதியது போலவே கோடு போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி. கிலோமீட்டருக்கு அதில் கட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தியையும் ஏற்றிக்கொண்டு சின்னசேலம் வரை போய், டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். சித்திக்கு இப்போது அந்த வண்டி மேல் கோபம் இல்லை.

போன ஞாயிறு திரும்ப போன் வந்தது.

"டேய், நாலு டயர் மாத்தினோமே…"

"ஆமா சித்தப்பா."

"டிக்கில கார்பெட்டுக்கு அடியில ஸ்டெப்னி இருக்குல்ல, அதுல நம்பர் என்ன தெரியுமா? 0811. வண்டியோட வந்தது. நீயும் பார்க்கல, அந்த மெக்கானிக்கும் பார்க்கல!"